நேற்று ஓடியது, இன்று ஏன் ஓடவில்லை?

பொதுக் கம்ப்யூட்டரில் மாணவர்கள் படும் பாடு! தீர்க்கும் வழி என்ன?

"நேற்று ஓடியது. இன்று ஓடவில்லை!"

என்ஜினீயரிங் படிக்கும் பையன்களும், ஆராய்ச்சி செய்யும் பெண்களும் அடிக்கடி சொல்லும் சொல் இது.

ஓடாதது மோட்டார் சைக்கிள் அல்ல. கம்ப்யூட்டருக்காக எழுதிய கணக்கு!

மூன்று மாதம் உழைத்து எழுதிய கணக்கு. நேற்று இரவு ஒழுங்காக விடை கொடுத்தது. இன்று காலை அதையே ஓட்டினால், "நீ கேட்கும் சாமான் இங்கே இல்லை" என்று எந்திரம் கையை விரிக்கிறது.

கணக்கில் யாரும் கை வைக்கவில்லை. ஒரு எழுத்துக்கூட மாறவில்லை. பின்னே என்ன ஆயிற்று? பேய் பிடித்ததா?

இல்லை. காரணம் உண்டு. அதைக் கண்டுபிடிக்க வழியும் உண்டு. அதற்குப் பெரிய மேதையாக இருக்க வேண்டியது இல்லை. பொறுமை வேண்டும். ஒழுங்கு வேண்டும்.

வீட்டில் சமையல் செய்யத் தெரிந்தவர்களுக்கு இந்த விஷயம் எளிதில் புரியும். எப்படி என்று பார்ப்போம்.

திருச்சியில் "பரம் பொருள்"

பெரிய கணக்குகளை வீட்டுக் கம்ப்யூட்டரில் போட முடியாது. புயல் எங்கே கரை ஏறும்? புதிய மருந்து உடம்பில் எப்படி வேலை செய்யும்? இப்படிப்பட்ட கணக்குகளை ஒரே கம்ப்யூட்டரில் போட்டால் மாதக்கணக்கில் ஆகும்.

ஆகவே, பல கம்ப்யூட்டர்களை ஒன்றாகக் கட்டி, ஒரே வேலையைப் பங்கு போட்டுச் செய்ய வைக்கிறார்கள். இதற்கு "கிளஸ்டர்" என்று பெயர். கொத்து என்று அர்த்தம். திராட்சைக் கொத்து மாதிரி, இது கம்ப்யூட்டர் கொத்து.

1994-ம் ஆண்டு அமெரிக்காவின் "நாசா"வில் தாமஸ் ஸ்டெர்லிங், டொனால்டு பெக்கர் என்ற இருவர், கடையில் கிடைக்கும் 16 சாதாரணக் கம்ப்யூட்டர்களைக் கம்பியால் இணைத்து இப்படி ஒரு கொத்து செய்தார்கள். குறைந்த செலவில் பெரிய வேலை நடந்தது. பிறகு உலகம் முழுவதும் இந்த முறை பரவியது.

நம் தமிழ்நாட்டிலும் இப்படிப்பட்ட எந்திரங்கள் உண்டு. திருச்சி தேசியத் தொழில்நுட்பக் கழகத்தில் 2022-ம் ஆண்டு மே மாதம் 25-ந் தேதி ஒரு சூப்பர் கம்ப்யூட்டரைத் தொடங்கி வைத்தார்கள். அதன் பெயர் "பரம் பொருள்"! அதன் வேகம் 838 டெராபிளாப். அதாவது, ஒரு வினாடியில் 838 லட்சம் கோடி கணக்குகளைப் போடும் ஆற்றல்!

இத்தகைய எந்திரம் ஒருவருக்குச் சொந்தம் அல்ல. பேராசிரியர்களும் மாணவர்களுமாகப் பலர் பயன்படுத்துவது. அரசாங்கப் பணத்தில் வாங்கியது.

இங்கேதான் தொல்லையும் ஆரம்பம் ஆகிறது.

பொதுச் சமையல் அறை

பொதுக் கம்ப்யூட்டரை ஒரு பெரிய பொதுச் சமையல் அறை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முன்னால் ஒரு கூடம் இருக்கிறது. எல்லோரும் முதலில் இங்கேதான் வருவார்கள். காய்கறி நறுக்கலாம். என்ன சமைப்பது என்று எழுதலாம். ஆனால், இங்கே அடுப்பு மூட்டக்கூடாது. மூட்டினால் கூடத்தில் இருக்கும் எல்லோருக்கும் புகை!

பின்னால் பல அறைகள். பெரிய அடுப்புகள் எல்லாம் அங்கேதான். அங்கே நேராக நுழைய முடியாது. "எனக்கு இத்தனை அடுப்பு, இத்தனை மணி நேரம் வேண்டும்" என்று சீட்டு எழுதிக் கொடுக்க வேண்டும். ரேஷன் கடை போல வரிசை உண்டு. பல இடங்களில் இந்த வரிசையைக் கவனிக்கும் புரோகிராமுக்கு "ஸ்லர்ம்" என்று பெயர்.

உங்கள் முறை வரும்போது நீங்கள் தூங்கிக்கொண்டு இருக்கலாம். உங்கள் சீட்டைப் பார்த்து எந்திரமே சமைக்கும்.

சீட்டில் பிழை இருந்தால்? அடுப்பு ஏறிய மறு நிமிடமே வேலை நின்றுவிடும். மறுபடியும் வரிசையின் கடைசியில் போய் நிற்க வேண்டியதுதான்!

இந்தச் சமையல் அறையில் அலமாரிகளும் பல. நிர்வாகிகள் வைத்த பொது அலமாரி ஒன்று. ஒவ்வொருவருக்கும் சொந்தமாக ஒரு சிறிய அலமாரி.

பொட்டலங்கள்

சாம்பார் வைக்கப் பருப்பு வேண்டும். புளி வேண்டும். பொடி வேண்டும். எல்லாவற்றையும் நாமே விளைவிப்பது இல்லை. கடையில் பொட்டலமாக வாங்குகிறோம்.

கம்ப்யூட்டர் கணக்கும் அப்படித்தான். பிறர் எழுதி வைத்த புரோகிராம்களைப் பொட்டலம் பொட்டலமாக எடுத்துப் பயன்படுத்துகிறார்கள். ஆங்கிலத்தில் இதைப் "பேக்கேஜ்" என்கிறார்கள். எண் கணக்குக்கு "நம்பை" என்று ஒரு பொட்டலம். படம் வரைய இன்னொன்று.

ஆராய்ச்சிக்காரர்கள் அதிகமாக எழுதும் கம்ப்யூட்டர் மொழி "பைத்தான்". 1991-ம் ஆண்டு இது வெளிவந்தது. இதை ஆக்கியவர் நெதர்லாந்தைச் சேர்ந்த கைடோ வான் ராசம். மலைப்பாம்பை நினைத்து அவர் இந்தப் பெயரை வைக்கவில்லை. "மான்டி பைத்தான்" என்ற பிரிட்டிஷ் நகைச்சுவை நிகழ்ச்சியின் பெயரில் இருந்து எடுத்தார்!

ஒரு பொட்டலத்துக்கு இன்னொரு பொட்டலத்தின் துணை வேண்டும். அதற்கு மற்றொன்று. இப்படியே நீளும். அதோடு, ஒவ்வொன்றுக்கும் ஒரு பதிப்பு எண் உண்டு. பழைய பொடிக்குச் சொன்ன அளவு புதிய பொடிக்குச் சரிப்படாது.

ஓர் எடுத்துக்காட்டு:-

2024-ம் ஆண்டு ஜூன் மாதம் "நம்பை"யின் 2-ம் பதிப்பு வெளிவந்தது. முதல் பதிப்பை நம்பிக் கட்டப்பட்ட பொட்டலங்கள் பல, புதியதோடு ஒத்துப்போகவில்லை. "நான் பழைய நம்பைக்காகச் செய்யப்பட்டவன், புதியதோடு ஓடமாட்டேன்" என்று எந்திரம் பல இடங்களில் செய்தி காட்டியது.

யார் மீது குற்றம்? யார் மீதும் இல்லை. புதிய சாமான் வந்தது. பழைய குறிப்பு மாறவில்லை. அவ்வளவுதான்.

ஒரு தெருவில் மூன்று முருகன்

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருவோம்.

ஒரு தெருவில் மூன்று முருகன்கள் இருக்கிறார்கள். நீங்கள் தெருமுனையில் நின்று "முருகா!" என்று கூப்பிடுகிறீர்கள். யார் வருவார்? முதல் வீட்டு முருகன் வருவார். உங்களுக்கு வேண்டியவர் மூன்றாவது வீட்டில் இருக்கலாம். ஆனாலும் முதல் வீட்டுக்காரர்தான் முதலில் வந்து நிற்பார்.

கம்ப்யூட்டரும் இப்படியே செய்கிறது. "பைத்தான்" என்று நீங்கள் சொன்னதும், அது அலமாரிகளை வரிசையாகத் தேடும். முதல் அலமாரியில் "பைத்தான்" இருந்தால் அதை எடுத்துக்கொள்ளும். மற்ற அலமாரிகளைத் திரும்பியும் பார்க்காது!

எந்த அலமாரியை முதலில் தேடுவது என்பதற்கு ஒரு பட்டியல் இருக்கிறது. அதன் பெயர் "பாத்". வழி என்று பொருள்.

பொதுக் கம்ப்யூட்டரில் ஒரே பெயரில் பல சாமான்கள் இருக்கும். எந்திரத்தோடு வந்த பைத்தான் ஒன்று. நிர்வாகிகள் வைத்தது இரண்டு மூன்று. மாணவர் தாமே கொண்டுவந்தது ஒன்று.

ஆகவே, தொல்லை வந்ததும் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "ஏன் ஓடவில்லை?" என்பது அல்ல.

"நீ எதை எடுத்தாய்?" என்பதே முதல் கேள்வி!

இந்த ஒரு கேள்விக்குப் பதில் கிடைத்தால் பாதி நோய் தெரிந்த மாதிரி. "விச் பைத்தான்" என்று கட்டளை கொடுத்தால், எந்த அலமாரியில் இருந்து எடுத்தது என்பதை எந்திரமே சொல்லிவிடும்.

அடிக்கடி வரும் தொல்லைகள்

தொல்லை 1: "சாமான் இல்லை!"

"நோ மாட்யூல் நேம்டு நம்பை" என்று செய்தி வருகிறது. நம்பை என்ற சாமான் இல்லை என்று அர்த்தம்.

"நேற்றுதானே போட்டேன்!" என்று மாணவர் தலையில் அடித்துக்கொள்வார்.

போட்டது உண்மை. ஆனால், ஒரு பைத்தானின் பெட்டியில் போட்டுவிட்டு, இன்னொரு பைத்தானை ஓட்டுகிறார்! சாமான் வாங்கி வைக்கும் கட்டளைக்குப் "பிப்" என்று பெயர். இந்தப் பிப் ஒரு வீட்டையும், ஓடும் பைத்தான் இன்னொரு வீட்டையும் சேர்ந்ததாக இருந்தால் இப்படி ஆகும்.

தீர்வு என்ன? "பிப்" என்று தனியாகக் கூப்பிடாதீர்கள். "பைத்தான் மைனஸ் எம் பிப்" என்று கூப்பிடுங்கள். ஓடப்போகிற அதே பைத்தான் தன் சொந்தப் பிப்பைக் கூப்பிடும். சாமான் சரியான பெட்டிக்குப் போய்ச் சேரும்.

தொல்லை 2: பரண்மேல் பழைய சாமான்

இது கள்ளத்தனமான தொல்லை.

பொது அலமாரியில் எழுத மாணவருக்கு அனுமதி கிடையாது. ஆகவே, "பிப்" பல சமயங்களில் சாமானை அவருடைய சொந்த இடத்தில், "டாட் லோக்கல்" என்ற மறைவான பெட்டியில் வைத்துவிடும். பெயருக்கு முன்னால் ஒரு புள்ளி இருப்பதால், சாதாரணமாகப் பார்த்தால் அந்தப் பெட்டி கண்ணில் படாது.

ஆறு மாதம் ஆகிறது. அதை மறந்தே போகிறார். புதிதாக ஒரு சுத்தமான பெட்டி தயார் செய்கிறார். ஆனால், எந்திரம் பரண்மேல் கிடக்கும் பழைய சாமானையும் எடுத்துக் கலந்துவிடுகிறது! புதிய பெட்டியில் குற்றம் தேடித் தேடி அவர் களைத்துப் போகிறார்.

இதைச் சோதிக்க எளிய வழி உண்டு. "பைத்தான் மைனஸ் எஸ்" என்று ஓட்டிப் பாருங்கள். பரண்மேல் உள்ளதைத் தொடாதே என்று அர்த்தம். அப்படி ஓட்டும்போது தொல்லை நீங்கினால், குற்றவாளி பரண்மேல்தான் இருக்கிறான்!

தொல்லை 3: கூடத்தில் ஓடுகிறது, அடுப்பில் ஓடவில்லை

"நேற்று ஓடியது, இன்று ஓடவில்லை" என்ற புலம்பலுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

பொது அலமாரியில் இருந்து வேண்டிய சாமானை எடுத்து வைக்க "மாட்யூல் லோட்" என்று ஒரு கட்டளை உண்டு. 1991-ம் ஆண்டு ஜான் பர்லானி என்பவர் வெளியிட்ட முறை இது. இன்றும் பல பொதுக் கம்ப்யூட்டர்களில் இந்த முறைதான்.

ஆனால், இந்தக் கட்டளை நீங்கள் வெளியே போகும் வரையில்தான் செல்லும். மறுநாள் புதிதாக உள்ளே வந்தால் அலமாரி பழையபடி மூடி இருக்கும்.

நேற்று நீங்கள் அலமாரியைத் திறந்து வைத்துவிட்டுச் சீட்டுக் கொடுத்தீர்கள். ஸ்லர்ம் அந்த நிலையையும் சேர்த்து அடுப்பு அறைக்குக் கொண்டுபோனது. வேலை நடந்தது. இன்று திறக்காமலே சீட்டுக் கொடுத்தீர்கள். வேலை நின்றது!

தீர்வு சுலபம். எந்த அலமாரியைத் திறக்க வேண்டும் என்பதைச் சீட்டுக்குள்ளேயே எழுதிவிடுங்கள். அப்போது சீட்டுத் தன் காலிலேயே நிற்கும்.

இன்னும் ஒன்று. "பைத்தானை எடு" என்று மொட்டையாக எழுதாதீர்கள். எந்தப் பதிப்பு என்று எண்ணையும் எழுதுங்கள். நிர்வாகிகள் புதிய பதிப்பை முன்னால் வைத்துவிட்டால், மொட்டைக் கட்டளை புதியதைத்தான் எடுக்கும்.

அடுப்பு அறைகளுக்குப் பல இடங்களில் இன்டர்நெட் தொடர்பு கிடையாது. அங்கே போய்ச் சாமான் வாங்க முடியாது. வேண்டியதை எல்லாம் கூடத்தில் இருக்கும்போதே வாங்கி வைத்துவிட வேண்டும்.

தொல்லை 4: பழைய வீடு, புதிய சாமான்

எந்திரத்தின் அஸ்திவாரமாக ஒரு சாப்ட்வேர் இருக்கிறது. பெரும்பாலும் அது "லினக்ஸ்". உலகின் மிக வேகமான 500 கம்ப்யூட்டர்கள் பட்டியலில், 2017-ம் ஆண்டு நவம்பர் முதல் எல்லாமே லினக்ஸ்தான்.

அந்த அஸ்திவாரத்தில் "ஜி-லிப்-சி" என்று ஒரு முக்கியமான பகுதி உண்டு. "சென்டாஸ் 7" என்ற லினக்ஸ் வகையில் இருப்பது 2.17 என்ற பழைய பதிப்பு. அந்த சென்டாசுக்கு 2024-ம் ஆண்டு ஜூன் 30-ந் தேதியோடு ஆதரவு நின்றுவிட்டது. ஆனாலும் பெரிய எந்திரத்தின் அஸ்திவாரத்தை ஒரே நாளில் மாற்ற முடியாது.

புதிய பொட்டலம், "எனக்கு இதைவிடப் புதிய ஜி-லிப்-சி வேண்டும்" என்று அடம் பிடிக்கும்.

இதை மாணவர் தாமே மாற்ற முயலக்கூடாது. அஸ்திவாரத்தைத் தோண்டினால் வீடே ஆடும்! பழைய எந்திரத்துக்கு ஏற்ற பழைய பதிப்பைத் தேடி எடுக்கலாம்.

அல்லது "கன்டெய்னர்" முறையைப் பயன்படுத்தலாம். அதாவது, டிபன் காரியர் மாதிரி, வேண்டியதை எல்லாம் ஒரே அடுக்கில் வைத்து மூடிக் கொண்டுபோவது! இதற்காக அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆராய்ச்சிக் கூடத்தில் கிரெகரி கர்ட்சர் என்பவர் 2015-ம் ஆண்டு "சிங்குலாரிட்டி" என்ற சாப்ட்வேரைத் தொடங்கினார். 2021-ம் ஆண்டு அதற்கு "ஆப்டெய்னர்" என்று பெயர் மாற்றினார்கள்.

தொல்லை 5: இடம் இல்லை!

ஒவ்வொருவருடைய சொந்த அலமாரிக்கும் ஓர் அளவு உண்டு. அதற்கு மேல் ஒரு துளியும் வைக்க முடியாது. சில இடங்களில் எத்தனை பைல்கள் வைக்கலாம் என்றுகூடக் கணக்கு உண்டு.

பொட்டலங்களில் ஆயிரக்கணக்கான சிறு பைல்கள் இருக்கும். அலமாரி சீக்கிரம் நிரம்பிவிடும். பாதி வைத்த நிலையில் வேலை நின்றுபோகும். பிறகு "சாமான் உடைந்திருக்கிறது" என்று வேறு ஏதோ செய்தி வரும். உண்மைக் காரணம் இடம் இல்லாதது!

ஆகவே, சாமான் வைக்கும்போது தகராறு வந்தால், முதலில் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். பொட்டலங்களைப் பிரித்த பிறகு மிஞ்சும் காலி உறைகள் குப்பையாகக் கிடக்கும். அவற்றைத் துடைக்கத் தனிக் கட்டளை உண்டு.

சத்தம் போடாத தவறு

இதுவரை பார்த்தவை எல்லாம் சத்தம் போடும் தவறுகள். எந்திரம் நின்றுவிடும், நமக்குத் தெரிந்துவிடும்.

சத்தமே போடாத தவறும் உண்டு. அதுதான் ஆபத்து!

2019-ம் ஆண்டு நடந்த சம்பவம் இது. ஹவாய் பல்கலைக்கழகத்தில் ரசாயன ஆராய்ச்சி நடந்தது. 2014-ம் ஆண்டு வேறு விஞ்ஞானிகள் எழுதி வெளியிட்ட ஒரு பைத்தான் புரோகிராமை அங்கே பயன்படுத்தினார்கள்.

ஒரே புரோகிராம். ஒரே எண்கள். ஆனால், எந்திரத்துக்கு எந்திரம் விடை மாறியது! விண்டோஸ் 10-ல் 173.2 என்று வந்தது. உபுண்டு லினக்சில் 172.4 என்று வந்தது. ஆப்பிள் எந்திரத்திலோ, ஒரு பதிப்பில் 173.2, இன்னொரு பதிப்பில் 172.7!

என்ன காரணம்? பைல்களை எந்த வரிசையில் எடுத்துக் கொடுப்பது என்பது எந்திரத்துக்கு எந்திரம் வேறுபடும். புரோகிராமோ, பைல்கள் எப்போதும் ஒரே வரிசையில் வரும் என்று நம்பி எழுதப்பட்டு இருந்தது. வரிசை மாறியதும் ஒன்றின் எண்ணோடு இன்னொன்றின் எண் சேர்ந்துகொண்டது.

எந்திரம் எந்தத் தவறுச் செய்தியும் காட்டவில்லை. அழகாக ஒரு விடையைக் கொடுத்தது. அது தவறான விடை!

அந்தப் புரோகிராமைப் பயன்படுத்திய 150-க்கு மேற்பட்ட ஆராய்ச்சிக் கட்டுரைகள் மீது சந்தேகம் விழுந்தது. பைல்களை முதலில் வரிசைப்படுத்து என்று கட்டளை சேர்த்த பிறகே குற்றம் தீர்ந்தது.

ரசாயனக் கணக்கில் நடந்தது, பாலம் கட்டும் கணக்கில் நடந்தால்? மருந்துக் கணக்கில் நடந்தால்? "ஏதோ ஓடுகிறது, போதும்" என்று விடக்கூடாது என்பது இதனால்தான்.

அஞ்சறைப் பெட்டி

இத்தனை தொல்லைக்கும் பெரிய தீர்வு ஒன்று இருக்கிறது. அது நம் வீட்டுச் சமையல் அறையிலேயே இருக்கிறது. அதுதான் அஞ்சறைப் பெட்டி!

ஒவ்வொரு வேலைக்கும் ஒரு தனி அஞ்சறைப் பெட்டி வைத்துக்கொள்ள வேண்டும். அந்த வேலைக்கு வேண்டிய சாமான்கள் மட்டும் அதில் இருக்கும். வேறு பெட்டியில் உள்ளது இதில் கலக்காது. கம்ப்யூட்டர் மொழியில் இதற்கு "என்விரான்மென்ட்" என்று பெயர். பைத்தானோடு வரும் "வென்வ்" இதைச் செய்யும். 2012-ம் ஆண்டு வெளிவந்த "கோண்டா" என்ற சாப்ட்வேரும் இதைச் செய்யும்.

வானிலைக் கணக்குக்கு ஒரு பெட்டி. மருந்துக் கணக்குக்கு இன்னொரு பெட்டி. எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் கொட்டினால், கடுகில் மிளகு கலந்த கதைதான்!

பெட்டி கெட்டுப்போனால் அதைத் தட்டிக் கொட்டிச் சரிசெய்ய நாள்கணக்கில் மெனக்கெடாதீர்கள். புதிய பெட்டி ஒன்று தயார் செய்வதே பல சமயங்களில் சுலபம்.

அதற்கு ஒன்று வேண்டும். பெட்டியில் என்னென்ன இருந்தது என்ற பட்டியல்! எந்தச் சாமான், எந்தப் பதிப்பு என்று ஒரு பைலில் எழுதி வைக்க வேண்டும். "பிப் பிரீஸ்" என்ற கட்டளை இந்தப் பட்டியலை எழுதித் தரும். கோண்டாவிலும் இதற்குக் கட்டளை உண்டு.

பட்டியல் இருந்தால் பெட்டியைத் தயங்காமல் தூக்கி எறியலாம். பட்டியல் இல்லை என்றால், பழைய பெட்டியைக் கட்டி அழ வேண்டியதுதான்.

வைத்தியம் செய்யும் முறை

தவறு வந்ததும் பதற்றப்படாதீர்கள். கீழ்க்கண்ட வரிசையில் பாருங்கள்:-

(1) செய்தியை முழுவதும் படியுங்கள். பைத்தானில் கடைசி வரிதான் நோயின் பெயரைச் சொல்லும். அதற்கு மேலே உள்ள வரிகள், நோய் எந்த வழியாக வந்தது என்பதைச் சொல்லும்.

(2) "நீ எதை எடுத்தாய்?" என்று கேளுங்கள். எந்தப் பைத்தான், எந்தப் பெட்டி, என்னென்ன மாட்யூல் திறந்திருக்கிறது என்று பாருங்கள்.

(3) எல்லாவற்றையும் மூடிவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள். "மாட்யூல் பர்ஜ்" என்ற கட்டளை திறந்து கிடக்கும் அலமாரிகளை எல்லாம் மூடிவிடும். பிறகு வேண்டியதை மட்டும் ஒவ்வொன்றாகத் திறக்க வேண்டும்.

(4) பெரிய கணக்கை மறுபடி மறுபடி ஓட்டாதீர்கள். "நம்பையைக் கூப்பிடு" என்று ஒரே வரியில் சிறிய சோதனை செய்யுங்கள். ஒரு சோற்றைப் பதம் பார்த்தால் போதும்!

(5) ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ஒரே நேரத்தில் நான்கு மருந்து கொடுத்தால், எது குணப்படுத்தியது என்று தெரியாது.

(6) செய்ததை எல்லாம் ஒரு நோட்டில் எழுதுங்கள்.

செய்யக்கூடாதவை

எங்கேயோ படித்த கட்டளையை, அர்த்தம் தெரியாமல் அப்படியே போடாதீர்கள். ஒருவர் வீட்டுக் கம்ப்யூட்டருக்குச் சொன்ன மருந்து, பொதுக் கம்ப்யூட்டருக்கு விஷம் ஆகலாம்.

எல்லோரும் எதையும் எழுதலாம் என்று உங்கள் அலமாரியைத் திறந்து போடாதீர்கள். தொல்லை தீராது. திருட்டுக்கும் சேதத்துக்கும்தான் வழி.

கூடத்தில் அடுப்பு மூட்டாதீர்கள். நூறு பேர் வேலை கெடும்.

நிர்வாகியிடம் எப்படிக் கேட்பது?

எல்லாம் செய்தும் தீரவில்லையா? நிர்வாகியிடம் போகலாம். வெட்கம் வேண்டாம். அவர்கள் அதற்காகத்தான் இருக்கிறார்கள்.

ஆனால், "ஓடவில்லை சார், கொஞ்சம் பாருங்கள்" என்று மட்டும் சொன்னால் அவர் என்ன செய்வார்? டாக்டரிடம் போய் "உடம்பு சரியில்லை" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்திருப்பதைப்போல!

கொடுத்த கட்டளை என்ன, வந்த செய்தி முழுவதும் என்ன, சீட்டின் எண் என்ன, திறந்திருந்த மாட்யூல்கள் எவை, கடைசியாக எப்போது ஓடியது, அதன் பிறகு என்ன மாற்றினீர்கள் என்று எழுதிக் கொடுங்கள். ஒரு நாள் வேலை ஒரு மணி நேரத்தில் முடியும். இப்படி எழுதும்போதே பலருக்குத் தங்கள் பிழை தாமாகவே புலப்பட்டுவிடும்!

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

உங்கள் மகனோ மகளோ நள்ளிரவில் கம்ப்யூட்டர் முன்னால் முகம் வாடி உட்கார்ந்திருந்தால், "படிப்பு ஏறவில்லை" என்று எண்ணிவிடாதீர்கள். கணக்கு சரியாகவே இருக்கலாம். பெட்டிதான் கலந்திருக்கும்.

"எதை எடுத்தது என்று பார்த்தாயா? பட்டியல் எழுதி வைத்தாயா?" என்று கேளுங்கள். பிள்ளைகள் ஆச்சரியப்படுவார்கள்!

மாணவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். எந்திரத்தின் மீது பழி போடுவது சுலபம். எந்திரம் பொய் சொல்வது இல்லை. நாம் கூப்பிட்ட முருகனைத்தான் அது அழைத்துவந்தது. எந்த முருகன் என்று நாம் சொல்லவில்லை!

பெயரோடு ஊரும் தெருவும் சொல்லிக் கூப்பிடுங்கள். தனிப் பெட்டி வையுங்கள். பட்டியல் எழுதுங்கள்.

நேற்று ஓடியது இன்றும் ஓடும். நாளைக்கு வேறொருவர் ஓட்டிப் பார்த்தாலும் அதே விடை வரும். அப்படி வந்தால்தான் அது ஆராய்ச்சி!